பசியில்லாத ஓநாய்

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்பது நம் பழமொழி. ஓநாயின் கண்ணீர் பொய் என்பதில் தமிழ் மனத்துக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை. 2013-ல் வந்த மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ அந்தக் கண்ணீரை மெய்யென்று நிரூபிக்க முனைந்த படம். பாட்டு இல்லை; இளையராஜாவின் பின்னணி இசையும் சென்னையின் இரவும்தான். இந்தத் துணிவை மதிக்கிறேன். என் சங்கடம் வேறு.

படத்தின் ஓநாய் மிருகமல்ல, ஒரு கூலிக் கொலைகாரன். தவறுதலாகக் கொன்றுவிட்ட ஒருவனின் பார்வையற்ற குடும்பத்தைக் காக்க ஓடுகிறான். தன் குற்றத்தைச் சிறுமிக்கு மிருகக் கதையாகச் சொல்கிறான். நாம் கலங்குகிறோம். ஆனால் எந்த ஓநாய்க்காகக் கலங்குகிறோம்? வேட்டையைக் கைவிட்டு ஆட்டுக்குக் காவலாகிவிட்ட ஓநாய்க்காக. பழமொழி தலைகீழாகியிருக்கிறதே தவிர, அதன் தர்க்கம் அப்படியே இருக்கிறது: பசியுள்ள ஓநாய் அயோக்கியன், பசியை விட்ட ஓநாய் மகாத்மா.

குழந்தைகளோடு போய்ப் பார்க்கும் படங்களில் இந்தத் தர்க்கம் இன்னும் பழையது. கிப்லிங்கின் ‘ஜங்கிள் புக்’ 1894-ல் வந்தது. மௌக்ளியை வளர்க்கும் தாய் ஓநாயின் பெயர் ரக்ஷா. கிப்லிங் அதற்குத் தந்த பொருள் பேய். அவருடைய ஓநாய்கள் வேட்டையாடுபவை. அவற்றின் சட்டமே வேட்டையின் சட்டம். 1967-ன் டிஸ்னி கார்ட்டூனில் ஓநாய்கள் தொடக்கத்தில் தலைகாட்டி விலகிக்கொள்கின்றன. தமிழிலும் பேசிய 2016-ன் படத்தில் ரக்ஷா முழுக்கத் தாய். நம் காதுக்கு அந்தப் பெயரே ரட்சிப்பு. பேய் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

இதிலே ஒரு குரூரமான வேடிக்கை உண்டு. கிப்லிங் ஓநாய்த் தாயை எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவர் போற்றிய அதே பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவில் கொல்லப்படும் ஓநாய்க்குப் பரிசுப்பணம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தது. புத்தகத்தில் தாய், கச்சேரிக் கணக்கில் தலைக்கு இத்தனை ரூபாய். இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பசியுள்ள மிருகத்தைத் தீர்த்துக்கட்டுகிற சமூகத்துக்குத்தான் பசியில்லாத மிருகத்தின் பிம்பம் தேவைப்படுகிறது.

ஆட்டையாம்பட்டியில் ஆட்டுக் கடன் விஷயமாக வங்கிக்கு வந்த ஒரு பெரியவரிடம் ஓநாய் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் எங்கப்பன் காலத்தோட போச்சுங்க. இப்பக் கடிக்கறது நாயிதானுங்க. ஓநாய் பசிக்கு ஒண்ணத் தூக்கிட்டுப் போகும். நாயிங்க பட்டிக்குள்ள பூந்தா அத்தனையும் கடிச்சுப் போட்டுட்டுப் போயிருதுங்க” என்றார். ஓநாயை அவர் மன்னிக்கவும் இல்லை, வெறுக்கவும் இல்லை. அதன் பசியை ஒரு கணக்காக ஏற்றிருந்தார். எந்தத் திரையிலும் நான் காணாத நிதானம் இது.

பசியை அழகுபடுத்தச் சொல்லவில்லை. 2024-ல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ராயிச்சில் ஓநாய்கள் குழந்தைகளைக் கொன்றன. அந்தத் தாய்மாரிடம் அழகியல் பேச எனக்கு வாயில்லை. ஆனால் அப்போதும் செய்திகள் ‘பழிவாங்கும் ஓநாய்கள்’ என்றே எழுதின. குட்டியை இழந்த மிருகம், வஞ்சம், தேடி வந்து கொல்லுதல் என எல்லாம் அசல் சினிமாக் கதை. தாயாக்க முடியாத ஓநாயை வில்லனாக்கினோம். வறண்ட புல்வெளியில் இரை குறைந்து, ஊர் நெருங்கி வாழும் ஒரு பிராணியாக அதைப் பார்க்க நம் ரசனைக்குப் பயிற்சி இல்லை.

நாட்டில் இன்று எஞ்சியிருப்பவை மூவாயிரம் அளவில்தான். 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அவற்றை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. சட்டம் உடலைக் காக்கலாம். மனத்தில் அந்த மிருகத்துக்கு இடம் தர வேண்டியது கலை. நம் கலையோ, ஓநாயை உள்ளே விடுமுன் அதன் பல்லைப் பிடுங்கிவிடுகிறது. கடிக்க முடியாததை மட்டுமே நேசிக்கத் தெரிந்த கலையைக் கருணை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.