கொன்றவரைத் தேடும் கூட்டம், இறந்தவரைத் தேடும் சிலர்

ஓடிடி பரிந்துரைப் பட்டியல்களில் 2019ஆம் ஆண்டின் ஒரு நெட்ஃபிளிக்ஸ் தொடர் இன்னும் ஓய்வு பெறவில்லை. 'போலீஸ் கோட்டை விட்ட கொலைகாரனை வீட்டில் உட்கார்ந்தே பிடித்த நெட்டிசன்கள்' என்ற அறிமுகமும் மாறுவதில்லை. தலைப்பில் அச்சேற்ற முடியாத ஒரு சொல் இருப்பதால் அதைப் 'பூனைத் தொடர்' என்றே இங்கே சொல்லிக்கொள்வோம். பூனைக்குட்டிகளைக் கொன்று காணொளியாக வெளியிட்ட லூக்கா மக்னோட்டா, 2012 மே மாதம் மாண்ட்ரியலில் ஜுன் லின் என்ற சீன மாணவரைக் கொன்றான். அவனைப் பிடித்தது யார்? அடுக்ககத்தின் பராமரிப்பு ஊழியர் ஒருவர் குப்பையோடு கிடந்த சூட்கேஸைச் சந்தேகப்பட்டுத் திறந்தார். பின்சந்தில் கிடந்த பைகளைப் போலீஸ் கிளறியபோது அவன் பெயர் போட்ட காகிதங்கள் அகப்பட்டன. அவன் பை பையாகச் சுமந்து கீழே இறங்குவதைக் கட்டடத்தின் சிசிடிவி பதிவு செய்திருந்தது. ஜூன் 4 அன்று பெர்லினில் ஒரு பிரவுசிங் சென்டர் ஊழியர், தன்னைப் பற்றிய செய்தியையே படித்துக்கொண்டிருந்த வாடிக்கையாளரின் முகத்தை அடையாளம் கண்டு தெருவில் போன போலீஸைக் கூப்பிட்டார். கைதுவரை நீண்ட இந்தச் சங்கிலியில், பூனைகளைக் கொன்றவனைத் தேடிய நெட்டிசன்களின் ஃபேஸ்புக் குழு சேர்த்த கண்ணி ஒன்றுகூட இல்லை.

இதைச் சொன்னால் ரசிகர்களுக்குக் கோபம் வருகிறது. கொலைக்கு முன்பே அவன் பெயர் குழுவுக்குத் தெரியும், போலீஸ்தான் காது கொடுக்கவில்லை என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தப் பெயர் அவர்களுக்குக் கிடைத்த விதத்தைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

இந்த வகைப் படங்களின் முன்கதை வாசகர்கள் அறிந்ததே. எரால் மாரிஸின் 'த தின் ப்ளூ லைன்' (1988), 'த ஸ்டேர்கேஸ்', 'சீரியல்' பாட்காஸ்ட் (2014), 'த ஜின்க்ஸ்', 'மேக்கிங் எ மர்டரர்' (இரண்டும் 2015) எல்லாவற்றைப் பற்றியும் எழுதித் தீர்த்தாகிவிட்டது. அவற்றில் துப்புத் துலக்கியவர் படைப்பாளி. நாம் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருந்தோம். பார்வையாளர் திரைக்குள் நுழைந்தது 2000இல் வந்த 'பாரடைஸ் லாஸ்ட் 2'இல். ஆர்கன்சா மாநிலத்தின் வெஸ்ட் மெம்ஃபிஸில் 1993இல் மூன்று சிறுவர்கள் கொல்லப்பட்ட வழக்கில் மூன்று பதின்வயதினர் தண்டிக்கப்பட்டதை ஜோ பெர்லிங்கரும் புரூஸ் சினோஃப்ஸ்கியும் 1996இல் படமாக்கினார்கள். அதைப் பார்த்துக் கொதித்தவர்கள் ஓர் இணையதளம் தொடங்கி வழக்கைப் பிரித்து மேய, இரண்டாம் படம் அவர்கள் பின்னாலேயே போனது. இணையத் துப்பறிவாளர் ஆவணப்படத்தில் பாத்திரமானது அப்போதுதான்.

கூடவே அந்த வகையின் முதல் பாவமும் நடந்தது. கொல்லப்பட்ட சிறுவன் ஒருவனின் வளர்ப்புத் தந்தைமேல் படம் சந்தேகத்தைத் திருப்பியது. உடலில் பல்தடம் என்ற வாதத்தை வைத்துக்கொண்டு அவருடைய பற்கள் எப்போது போயின என்று துருவியது. 2011இல் வந்த மூன்றாம் படமோ இன்னொரு சிறுவனின் வளர்ப்புத் தந்தை பக்கம் திரும்பிவிட்டது. இருவர்மீதும் எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. தண்டிக்கப்பட்ட மூவரும் அதே ஆண்டு விடுதலையானார்கள். அதற்குப் படங்கள் பெரும் காரணம். அந்த நன்மையின் வெளிச்சத்தில் வளர்ப்புத் தந்தையின் பற்களை எல்லோரும் மறந்துபோனார்கள். பெர்லிங்கரும் மறந்திருக்க வேண்டும்.

2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பின்போது ரெடிட்வாசிகள் புகைப்படங்களை வட்டமிட்டு, ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த இந்திய வம்சாவளி மாணவரைக் குண்டு வைத்தவராக்கினார்கள். சில நாட்களில் அவர் உடல் ஆற்றில் கிடைத்தது. ரெடிட் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. இவ்வளவும் நடந்த பிறகுதான் பூனைத் தொடர் வருகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இயக்குநர் மார்க் லூயிஸுக்குக் கைத்திறன் உண்டு. லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதியில் தரவு ஆய்வாளரான டியானா தாம்ப்சனும் அவருடைய கூட்டாளியும் காணொளியை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்ப்பதை அவர் படமாக்கிய விதம் அபாரம். சுவரின் மின்சாக்கெட் எந்த நாட்டுடையது, ஓநாய்ப் படம் போட்ட போர்வை எங்கே விற்றது, மூலையில் நிற்கும் வாக்குவம் கிளீனர் எந்த மாடல் என்று நீளும் அந்த முதல் எபிசோடை யாராலும் பாதியில் நிறுத்த முடியாது. ஆனால் வாக்குவம் கிளீனர் அவர்களைக் கொலைகாரனிடம் கொண்டுபோகவில்லை. பெயர், முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய தகவலாக வந்து சேர்ந்தது. புகழ்வெறி பிடித்த மக்னோட்டாவே அதை அனுப்பியிருக்கலாம் என்ற ஐயத்துக்குத் தொடரே இடம் தருகிறது. அப்படியானால் கண்ணில் எண்ணெய் விட்டுத் தேடியவர்கள் அவன் நாடகத்தின் ரசிகர் மன்றம் என்றாகிறது. தொடர் இந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்காமல் பின்னணி இசையை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. இதற்கு முன் அந்தக் கூட்டம் தவறாகக் குறிவைத்த ஒருவர் தற்கொலை செய்துகொண்டதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள். கொலைகாரனின் தாய்க்கு நேரம் தாராளம். ஜுன் லினுக்காக ஒரு நண்பர் வந்து பேசிவிட்டுப் போகிறார். கடைசியில் தாம்ப்சன் நம்மைப் பார்த்து, நீங்களும் இதற்கு உடந்தையா என்று கேட்கிறார். மூன்று எபிசோடும் பரிமாறிய பிறகு வரும் இந்த நெற்றி சுருக்கல் மலிவானது. அதன் பிறகு இந்த வகைத் தொடர்களுக்கு அது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது.

இதைவிட மோசமான காரியத்தைச் செய்தது 2021இல் பெர்லிங்கர் எடுத்த, செசில் ஹோட்டல் பற்றிய நான்கு எபிசோடு தொடர். 2013இல் லாஸ் ஏஞ்சலஸின் அந்த ஹோட்டலில் தங்கிய 21 வயதுக் கனடிய மாணவி எலிசா லாம் காணாமல் போனார். லிஃப்டுக்குள் அவர் விநோதமாக நடந்துகொண்ட காணொளியைப் போலீஸ் வெளியிட, உலகமே துப்பறியக் கிளம்பியது. பிப்ரவரி 19 அன்று மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் உடல் கிடைத்தது. இருமுனை மனநோய்க்குச் சிகிச்சையில் இருந்தவர். பிரேதப் பரிசோதனை அதைக் குறிப்பிட்டு, தற்செயலாக மூழ்கி இறந்தார் என்று முடித்தது. துப்பறிந்தவர்கள் விடவில்லை. அந்தப் பகுதியில் அப்போது பரவிய காசநோய்க்கான பரிசோதனையின் பெயரில் அவர் பெயரின் எழுத்துகள் வருவதை ஒரு சதியாக்கினார்கள். ஓராண்டு முன்பு அங்கே தங்கிய மெக்சிகோ இசைக்கலைஞர் ஒருவரைக் கொலைகாரர் என்று துரத்தினார்கள். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாக அவரே கேமரா முன் சொல்கிறார்.

அவர்களுடைய பிரதான வாதம், தொட்டியின் மூடி மூடியிருந்தது, உள்ளே விழுந்தவர் எப்படி மூடுவார் என்பது. உடலைக் கண்ட ஊழியரோ, மூடி திறந்தே கிடந்தது என்று எலிசாவின் பெற்றோர் தொடுத்த வழக்கிலேயே வாக்குமூலம் கொடுத்துவிட்டார். அந்த வழக்கு 2015இல் முடிந்துபோனது. பெர்லிங்கர் இந்தச் செய்தியை நான்காம் எபிசோடு வரை பெட்டிக்குள் பூட்டி வைக்கிறார். மூன்று எபிசோடுகளுக்கு நம்மையும் சதிக்காரர்களின் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, பிறகு அவர்களைக் கண்டிக்கிறார். இதைச் சுயவிமர்சனம் என்று பாராட்டியவர்கள் 'பாரடைஸ் லாஸ்ட் 2'ஐ ஒருமுறை திரும்பப் பார்க்கலாம்.

லிஸ் கார்பஸ் இவர்களிலிருந்து எவ்வளவோ மேல். எச்பிஓவுக்காக அவர் 2020இல் எடுத்த 'ஐ வில் பி கான் இன் த டார்க்', ஒரு தொடர் கொலைகாரனுக்கு 'கோல்டன் ஸ்டேட் கில்லர்' என்று பெயர் சூட்டி அவனைத் தேடிய எழுத்தாளர் மிஷல் மெக்னமாராவைப் பற்றியது. ஆரஞ்ச் மாவட்டத்திலிருந்து 37 அட்டைப்பெட்டி வழக்குக் கட்டுகள் கைக்கு வந்தபோது அவருக்கு உண்டான பரவசத்தைக் காட்டுகிற தொடர், அதே தேடல் அவரை மாத்திரைகளுக்குள் தள்ளி 2016 ஏப்ரலில் உயிரையே குடித்ததையும் மறைக்கவில்லை. தாக்குதலுக்கு ஆளாகி உயிர் பிழைத்த பெண்கள் ஒன்றுகூடிப் பேசும் காட்சிகள் இந்த வகையில் எடுக்கப்பட்டவற்றிலேயே கண்ணியமானவை. 2025இல் ஐடஹோ மாணவர் கொலைகளைப் பற்றி அவர் மாத்யூ கால்கினோடு எடுத்த தொடரிலும், இணையக் கூட்டத்தின் வதந்திகளுக்கு நடுவே நண்பர்களும் குடும்பங்களும் பட்டபாடுதான் தெரிகிறது. இருந்தும் கார்பஸும் தொடங்குவது கொன்றவன் யார் என்ற கேள்வியிலிருந்தே.

இணைய அமெச்சூர்கள் உண்மையில் சாதித்த களம் வேறு. அங்கே முதல் பெயர் டாட் மாத்யூஸ். டென்னசியின் லிவிங்ஸ்டனில் தொழிற்சாலை வேலை பார்த்தவர். அவருடைய மாமனார் வில்பர் ரிடில் கிணறு தோண்டுபவர். 1968 மே 17 அன்று, கென்டக்கியின் ஜார்ஜ்டவுன் அருகே தந்திக் கம்பங்களின் கண்ணாடி இன்சுலேட்டர்களைப் பொறுக்கிக்கொண்டு போன ரிடில், கூடாரத் துணியில் சுற்றிய பெண் உடலைக் கண்டார். பெயர் தெரியாததால் 'கூடாரப் பெண்' என்றார்கள். போலீஸ் வரைந்த முகத்தையே கல்லறைக் கல்லில் செதுக்கினார்கள். மாப்பிள்ளை இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டார். 1998இல் ஓர் இரவு, 1967இன் இறுதியில் லெக்சிங்டனில் காணாமல் போன அக்காவைத் தேடி ஆர்கன்சாவிலிருந்து ஒரு பெண் இணையத்தில் போட்டிருந்த சில வரிகள் அவர் கண்ணில் பட்டன. உடலைத் தோண்டியெடுத்து டிஎன்ஏ பார்த்தார்கள். பார்பரா ஆன் ஹேக்மன் டெய்லர், வயது 24. அன்று கணித்த வயது 16 முதல் 19. பதின்வயதுப் பெண்ணைத் தேடியவர்களின் பட்டியலில் 24 வயதுப் பெண் எப்படி வருவார்?

சந்தேகம் கணவர்மேல் விழுந்தது. அவர் 1987இலேயே இறந்துவிட்டார். கடைசி எபிசோடில் விலங்கு மாட்ட ஆள் இல்லை. மாத்யூஸைக் கதாநாயகனாக்கிய பெரிய தொடர் எதுவும் என் கண்ணில் படாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அவரோ அடையாளம் தெரியாத உடல்களுக்குப் பெயர் தேடும் தொண்டர் அமைப்பான டோ நெட்வொர்க்கிலும், பிறகு அமெரிக்க நீதித்துறையின் நேம்அஸ் தரவுத்தளத்திலும் உழைத்தார். அடையாளம் தெரியாத 40,000க்கும் மேற்பட்ட உடல்கள் அந்த நாட்டில் இருக்கலாம் என்று 2007இல் மதிப்பிட்டார்கள்.

டோ நெட்வொர்க்கில் தொண்டர் ஒருவர் இறந்தவர் இன்னார் என்று ஊகித்தால் அதை ஒரு குழு சலித்த பிறகே போலீஸுக்கு அனுப்புகிறது. ஊகம் தப்பானால் டிஎன்ஏ மறுத்துவிடும், யார் வாழ்வும் சிதையாது. அமெச்சூர் தப்பு செய்யத்தான் செய்வார். அந்தத் தப்பைத் தாங்கும் ஏற்பாடு இங்கே இருக்கிறது, கொலைகாரனைத் தேடும் கூட்டத்தில் இல்லை.

2018 ஏப்ரல் 11 அன்று ஒஹாயோவில் ஒரு பெயரை அறிவித்தார்கள். 1981இல் டிராய் நகருக்கு அருகே மான்தோல் ஜாக்கெட்டோடு கிடந்த பெண் மார்ஷா கிங். காலின் ஃபிட்ஸ்பேட்ரிக்கும் மார்கரெட் பிரெஸ்ஸும் தொடங்கிய டிஎன்ஏ டோ புராஜெக்ட்டின் தொண்டர்கள், ஜெட்மேட்ச் என்ற மரபுவழித் தளத்தில் உறவுகளைத் தொடர்ந்து சில மணி நேரத்தில் கண்டுபிடித்தார்கள். மகள் திரும்பினால் தேடி அலையக் கூடாதென்று அவருடைய தாய் வீட்டையும் தொலைபேசி எண்ணையும் மாற்றாமலே வைத்திருந்தார். இரண்டே வாரத்தில், அதே தளம் கைகொடுக்க, கோல்டன் ஸ்டேட் கில்லர் ஜோசப் டிஆஞ்சலோ கைதானான். கேமராக்கள் எல்லாம் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டன.

கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகின்றன என்று தோன்றுகிறது. டிஎன்ஏ டோ புராஜெக்ட்டைப் பின்தொடரும் 'நேமிங் த டெட்' 2025இல் நேஷனல் ஜியோகிராஃபிக்கில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பட்ரீஷியா கில்லெஸ்பி எடுத்தது தொடரல்ல, ஒற்றைப் படம். 2018இல் ஃப்ளோரிடாக் காட்டில், பணமும் உணவும் பக்கத்தில் இருக்க, 38 கிலோவுக்கு மெலிந்து கூடாரத்தில் இறந்து கிடந்த மலைநடையாளரைப் பற்றியது. வழியில் அவரைச் சந்தித்தவர்கள் எடுத்த படங்களில் அழகான சிரிப்பு. ஃபேஸ்புக் குழுக்கள் அந்தச் சிரிப்பில் மயங்கின, அவருக்காகச் சண்டை போட்டன, டிஎன்ஏ பரிசோதனைக்குப் பணம் திரட்டின. பெயர் தெரிந்ததும் அவரோடு வாழ்ந்த பெண்கள் பட்ட அடிகளும் தெரியவந்தன. பலரால் நம்ப முடியவில்லை. சிலர் நம்ப மறுத்தே விட்டார்கள். மற்ற இயக்குநர்கள் பெயர் கிடைத்ததும் கொண்டாடி முடித்திருப்பார்கள். கில்லெஸ்பி அதற்குப் பிறகுதான், தாங்கள் இத்தனை நாள் யாரைத் தேடினோம் என்று அந்தக் குழுக்களிடம் கேட்கத் தொடங்குகிறார்.