பொம்மைப் படமும் பொல்லாப்பும்

பிரௌசிங் சென்டரில் மணிக்கு 20, 30 ரூபாய் கொடுத்து உட்கார்ந்த தலைமுறைக்கு ‘தி மேஸ்’ நினைவிருக்கும். ஜெரமி வின்டர்ராட் என்பவர் 2003-இல் உருவாக்கிய விளையாட்டு. சுவரில் இடிக்காமல் ஒரு புள்ளியைப் பாதைக்குள் நகர்த்திக்கொண்டு போக வேண்டும். போகப் போகப் பாதை குறுகும். ஆடுகிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரைக்குள் தலையை விடாத குறையாகக் குனிவார். அந்த நேரம் பார்த்து, ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்துப் பேய் பிடித்த சிறுமியின் முகம் திரை நிறைய வந்து அலறும். ஆடுகிறவருக்காகச் செய்த விளையாட்டே அல்ல அது. அவர் நாற்காலிக்குப் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கும் நண்பனுக்காகச் செய்தது.

இணையத்தில் பேர் கெட்ட அனிமேஷன்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் படத்தையே பார்க்கிறார்கள். எவ்வளவு ரத்தம், எவ்வளவு ஆபாசம் என்று கணக்கெடுக்கிறார்கள். பின்னால் நிற்கும் அந்த நண்பனை விட்டுவிடுகிறார்கள். மொண்டோ மீடியா 1999-இல் தொடங்கிய ‘ஹாப்பி ட்ரீ ஃப்ரெண்ட்ஸ்’ தொடரில் முயலும் அணிலும் கொஞ்சத் தோன்றும் அழகோடு வந்து, குடல் சரியச் சாகும். “குழந்தைப் படம்தான்டா, பாரு” என்று ஒருவன் ஒருவனை உட்கார வைத்ததில்தான் அது ஊர் ஊராகப் போயிற்று. பாதி அதிர்ச்சி படத்தில் இருந்தது. மீதி அந்தப் பொய்யில் இருந்தது.

பொய் சொல்லி மடக்குவது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. கோவை சத்தி ரோட்டில் கணபதி தாண்டி சரவணம்பட்டி வரை எந்தப் பேக்கரியில் நின்றாலும் காதில் விழும். “ஏனுங், வர்ற வழியெல்லாம் உங்க வண்டிப் பின் சக்கரம் முன் சக்கரத்தத் தொரத்திட்டே வந்துதுங்க, கவனிச்சீங்களா?” முகத்தில் ஒரு சுளிப்பும் இருக்காது. கேட்டவர் வண்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, “அட, போங்க” என்பார். டீக்காசைக் குசும்பு பண்ணியவர் கொடுப்பார். நாளைக்கும் அதே பேக்கரிக்கு வந்தாக வேண்டும் என்பதால் அவருக்கு எல்லை தெரியும். ஃபோன் கேமரா அந்த எல்லையை எடுத்துவிட்டது. முன்பின் தெரியாத பெண்களை மடக்கிப் படமெடுத்துப் போடும் அளவுக்குப் போன பிறகு, 2022-இல் கோவை மாநகரக் காவல்துறை ஒரு யூடியூப் சேனல் மீது வழக்குப் பதிந்தது.

தடை போட்டால் அடங்குமா? ‘சவிதா பாபி’ என்ற ஆபாசச் சித்திரக் கதை 2008-இல் தொடங்கியது. 2009-இல் மத்திய அரசு முடக்கியது. அதுவரை கேள்விப்படாதவர்களும் செய்தித்தாளில் பெயர் தெரிந்துகொண்டார்கள். 2013-இல் அதே பெயரில் அனிமேஷன் படம் வந்தபோது, தடையே கதையாகிவிட்டிருந்தது. அரசாங்கம் செய்துகொடுத்த விளம்பரம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

‘கோச்சடையான்’ அனிமேஷன் படம் இந்தக் கணக்கில் வராது. 2014-இல் அதைப் பொம்மைப் படம் என்று மீம் போட்டே தீர்த்தார்கள். அது வெறும் கேலி. யாரையும் ஏமாற்றி உட்கார வைக்கவில்லை.

2017-இல்தான் ஆட்டம் மாறியது. எல்சா, ஸ்பைடர்மேன், பெப்பா பன்றி உருவங்களை வைத்து ஊசி, ரத்தம், வக்கிரம் கலந்த வீடியோக்கள் யூடியூபில் குழந்தைகள் முன் வரிசைகட்டி வந்தன. ‘எல்சாகேட்’ என்று பெயர் விழுந்தது. எழுத்தாளர் ஜேம்ஸ் பிரிடில் இதைப் பற்றி அந்த நவம்பரில் எழுதிய கட்டுரை உலகத்தையே உலுக்கியது. இங்கே “பாருடா” என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்ததைத் தானே ஓட்டும் நிரல் அந்த நண்பனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்குக் குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும் ஆசைகூடக் கிடையாது.

மோமோ விஷயத்தில் அந்த வேலையைப் பெரியவர்களே செய்தார்கள். ஜப்பானியக் கலைஞர் கெய்சுகே ஐசோ 2016-இல் செய்து காட்சிக்கு வைத்த பறவைக்கால் பெண் சிற்பம் அது. அந்த முகம் கார்ட்டூன்களுக்கு நடுவே வந்து பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது என்று 2019-இல் வாட்ஸப் எங்கும் பரவியது. ஆதாரம் எதையும் காணவில்லை என்றது யூடியூப். பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதே என்று படத்தை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள் பெற்றோர்கள். பாதிப் பிள்ளைகள் அந்த முகத்தை அம்மா ஃபோனில்தான் முதலில் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

இப்போது ஏஐ காலம். 2025-இல் ‘இத்தாலியன் பிரெய்ன்ராட்’ என்ற ஏஐ வீடியோ வரிசை வந்தது: ஷூ மாட்டிய மூன்றுகால் சுறா ‘திரலலேரோ திரலலா’, குண்டுவீச்சு விமானமும் முதலையும் சேர்ந்த ‘பொம்பார்திரோ குரோகோதிலோ’. எல்.கே.ஜி. பிள்ளைக்கும் பெயர் மனப்பாடம். சுறாவின் பாட்டில் வருவது கிறித்தவக் கடவுளையும் அல்லாவையும் ஒரே மூச்சில் இழிக்கும் இத்தாலிய வசை. முதலையின் குரல், காசாவில் குழந்தைகள் மேல் குண்டு போடுவதைச் சொல்லுகிறது. இத்தாலியன் தெரிந்தவர்களுக்கு மட்டும் சிரிப்பு. தெரியாமல் பாடுகிறவர்கள் எல்லோரும் மேஸ் ஆடுகிறவர்கள்.

இதே கூட்டத்தில் இந்தோனேசியாவிலிருந்து வந்தது ‘துங் துங் துங் சாஹுர்’, நோன்புக்கு எழுப்பும் மரக்கட்டை. ரோப்லாக்ஸ் விளையாட்டு ஒன்றில் இந்த உருவங்களை வைத்துப் பணம் புரளத் தொடங்கியதும், அந்த மரக்கட்டைக்கு உரிமை கேட்டு ஆள் வந்துவிட்டார். முதலை சொல்லும் அந்தக் காசா வரிக்கு உரிமை கேட்டு எவரும் வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை.