கீழ்ப்படிந்த கதாநாயகி

பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். காலையில் ஜெபமும் வேத வாசிப்பும் முடிந்த பிறகுதான் காப்பியைத் தொடுவார். என் கதைகளை விடாமல் படிப்பார். படித்ததை விடாமல் கண்டிப்பார். ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"உம்ம கதையில வர்ற கிறிஸ்தவங்க எல்லாரும் நல்லவங்கதான், ஐயா. கோயிலுக்குப் போறாங்க. கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் கொடுத்து விடுறாங்க. ஆனா, ஆண்டவர் சொன்னாருங்கிற ஒரே காரணத்துக்காக, தனக்குப் பிடிக்காத ஒரு காரியத்தை அதில ஒருத்தராவது செய்யுறாங்களா? கீழ்ப்படிதல் இல்லாம அது என்ன கிறிஸ்தவம்?"

எனக்குச் சுருக்கென்றது. கீழ்ப்படிதல் கதைக்கு உதவாத சரக்கு என்று வாதாடினேன். மீறுகிறவனை வைத்துத்தான் கதை எழுதலாம். சொன்னபடி கேட்கிறவனுக்கு நன்னடத்தைப் பத்திரந்தான் எழுதிக் கொடுக்கலாம் என்று கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகவும் பேசினேன். நண்பர் பதிலுக்கு வாதாடவில்லை. "ஜேன் அயரை இன்னொரு தரம் படிச்சுப் பாரும்" என்றார்.

படித்தேன். கல்லூரி நாளில் காதல் கதையாகப் படித்த நாவல் அது. இந்தத் தடவை வேறொரு புத்தகத்தைப் படிப்பது போலவே இருந்தது.

அதை எழுதிய ஷார்லட் பிராண்டி ஒரு பாதிரியாரின் மகள். வட இங்கிலாந்தில், யார்க்ஷயரிலுள்ள ஹாவொர்த் என்னும் ஊரில் வளர்ந்தவர். 1847-ல் கரர் பெல் என்ற புனைபெயரில் இந்த நாவலை வெளியிட்டார். மறு வருஷமே, குவார்ட்டர்லி ரெவ்யூ என்ற பத்திரிகையில் எலிசபெத் ரிக்பி என்ற அம்மாள், இது கிறிஸ்தவத்துக்கே விரோதமான நாவல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கடவுள் வைத்த இடத்தில் பணிந்து கிடக்காமல் ஓர் ஏழைப் பெண் முணுமுணுக்கிறாளே என்று அவருக்குக் கோபம். என் நண்பரோ இதையே கீழ்ப்படிதலின் நாவல் என்கிறார். இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள். இரண்டு பேரும் படித்தது ஒரே புத்தகம்.

நாவலின் ஆரம்பப் பகுதியை மட்டும் வைத்துப் பார்த்தால் ரிக்பி அம்மாளின் கோபம் புரிகிறது. ஜேன் படிக்கும் லோவுட் பள்ளியின் நிர்வாகி பிராக்கில்ஹர்ஸ்ட், எடுத்ததற்கெல்லாம் வேத வசனம் சொல்லுகிறவர். ஒரு நாள் காலைக் கஞ்சி தீய்ந்துபோய் வாயில் வைக்க முடியவில்லை. தலைமை ஆசிரியை மனம் இரங்கிப் பிள்ளைகளுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தருகிறாள். பொறுமையைப் போதிக்கக் கிடைத்த நல்ல சந்தர்ப்பம் வீணாகிவிட்டதே என்று நிர்வாகி அவளைக் கடிந்துகொள்கிறார். மாணவிகளின் சுருட்டைத் தலைமுடியைக் கத்தரிக்கும்படியும் உத்தரவிடுகிறார். உத்தரவு வாயிலிருக்கும்போதே அவருடைய மனைவியும் மகள்களும் பட்டும் வெல்வெட்டுமாக, சுருள் சுருளாய்ச் சிங்காரித்த கூந்தலோடு உள்ளே நுழைகிறார்கள். நாவலாசிரியை இதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லுவதில்லை. கீழ்ப்படிதலைப் பிறருக்கு மட்டும் போதிக்கிறவனைக் காட்ட இது போதும்.

அதே பள்ளியில் ஹெலன் பர்ன்ஸ் என்ற சிறுமியும் இருக்கிறாள். நகத்தில் அழுக்கு என்று அவளைத் திட்டுகிறார்கள். ஜாடியிலிருந்த தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்துபோனதால் அன்று யாருமே கை கழுவவில்லை. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. பேசாமல் அடியை வாங்கிக்கொள்கிறாள். அடித்தால் திருப்பி அடிக்க வேண்டும் என்று துடிக்கிற ஜேனுக்கு, பகைவரையும் நேசிக்கச் சொன்ன கிறிஸ்துவை நினைவூட்டுகிறாள். ஹெலன் காசநோயால் இறந்துபோகிறாள். அவளுடையது சாகப்போகிறவளின் கீழ்ப்படிதல். ஜேன் உயிரோடு இருந்து, சம்பாதித்து, காதலித்து, அதற்கு நடுவில் கீழ்ப்படிய வேண்டியவள். நாவலின் உண்மையான சோதனை அங்கேதான் ஆரம்பமாகிறது.

அது எல்லாருக்கும் தெரிந்த கட்டம். தார்ன்பீல்டு மாளிகையில் ஆசிரியையாக வந்த ஜேனுக்கும் எஜமானர் ரோச்செஸ்டருக்கும் கோயிலில் கல்யாணம் நடக்கிறது. அவருக்கு ஏற்கனவே மனைவி உண்டு, அவள் சித்தப்பிரமை பிடித்து மாடியில் அடைபட்டிருக்கிறாள் என்ற உண்மை அந்த இடத்திலேயே வெளிப்படுகிறது. பிரான்ஸின் தென்பகுதிக்குப் போய்விடலாம் என்று ரோச்செஸ்டர் மன்றாடுகிறார். ஜேனுக்குத் தாய் தகப்பன் இல்லை. மானம் போயிற்றே என்று அழச் சொந்தக்காரர்கள் இல்லை. ஊர் வாய்க்கும் பயப்பட வேண்டியதில்லை. நாம் கீழ்ப்படிதல் என்று நினைத்துக்கொள்வதில் முக்கால்வாசி இந்தப் பயங்கள்தானே! நாவலாசிரியை அவற்றை ஒவ்வொன்றாக அகற்றிவிட்டு, கடவுளின் கட்டளையையும் காதலையும் மட்டும் நேருக்கு நேர் நிறுத்துகிறார். சட்டம் என்பது சோதனை வராத நாட்களுக்காக ஏற்பட்டதல்ல என்று ஜேன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இருபது ஷில்லிங்கோடு விடியற்காலையில் வீட்டை விட்டுப் போகிறாள்.

இந்தக் கட்டளை யாரைக் காப்பாற்றுகிறது என்று முன்பு நான் யோசித்ததே இல்லை. ஜேனின் கற்பை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் மாடியில் ஒருத்தி இருக்கிறாளே! பெர்த்தாவை மிருகம் என்று பேசுகிறார்கள், அடைத்துப் பூட்டுகிறார்கள். ரோச்செஸ்டர் அவளை வெறுப்போடு பேசும்போது, பைத்தியம் பிடித்தது அவள் குற்றமா என்று கேட்கிறவள் ஜேன் ஒருத்திதான். பெர்த்தாவை இன்னும் மனைவி என்றே மதிப்பது அந்தக் கட்டளை ஒன்றுதான். காதலர் இருவர் ஓர் அறையில் இருக்கும்போது, அந்த அறையில் இல்லாத மூன்றாவது ஆளை அவர்களுடைய கண்ணீர் மறந்துவிடும். தெய்வத்தின் கட்டளை மறப்பதில்லை. கீழ்ப்படிதலின் அன்றாட மதிப்பு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு சிறப்பு, கீழ்ப்படிந்தவளுக்கு உடனே கிடைக்கிற பரிசு. துணி மூட்டையைக் கோச்சு வண்டியிலேயே மறந்துவிட்டு, பன்றிக்குக் கொட்ட வைத்திருந்த ஆறிய கூழைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள் ஜேன். பிறகு ஒரு கிராமப் பள்ளியில் வேலை கிடைக்கிறது. இருபது பிள்ளைகளில் வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். முதல் நாள் மாலையில், இது தனக்குக் கௌரவக் குறைவு என்று அவள் மனம் கூசுகிறது. அப்படிக் கூசியதற்காக வெட்கப்படுகிறாள். வாசலில் நின்று அழவும் செய்கிறாள். மறுநாள் பள்ளிக்கூடம் திறக்க வேண்டும், திறக்கிறாள். வீட்டை விட்டுப் புறப்பட்ட இரவைவிட இந்த மறுநாள் பெரியது.

கடைசிச் சோதனை ஒரு பாதிரியார். செயின்ட் ஜான் நேர்மையானவர். இந்தியாவுக்கு மிஷனரியாகப் போகத் துணிந்தவர். ஜேனுக்கு இந்துஸ்தானி கற்றுக்கொடுக்கிறார். காதல் இல்லாமலே, ஊழியத்துக்காகத் தன்னை மணக்கும்படி கேட்கிறார். மறுத்தால் அது தம்மை அல்ல, கடவுளையே மறுப்பதாகும் என்கிறார். தங்கையாக வருகிறேன், மனைவியாக வரமாட்டேன் என்கிறாள் ஜேன். இது தேவ சித்தம் என்று நிச்சயமானால் அப்பொழுதே சம்மதிப்பேன் என்றும் சொல்லுகிறாள். அந்த நிச்சயத்தை அவள் இன்னொரு மனிதனிடமிருந்து கடன் வாங்க மறுக்கிறாள். அதற்காக நாவலாசிரியை செயின்ட் ஜானைக் கேலி செய்யவில்லை. இந்தியாவில் உழைத்து மரணத்தை நெருங்கும் அவரைப் பற்றியே நாவலின் கடைசி வரிகளை எழுதியிருக்கிறார். அவருக்கு அதுவே கீழ்ப்படிதல். ஜேனுக்கு அது அவருக்குக் கீழ்ப்படிவதாக முடிந்திருக்கும்.

இத்தனை நேர்மையாக எழுதியவர் முடிவில் சறுக்கிவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கோ தொலைவிலிருக்கும் ரோச்செஸ்டரின் குரல் ஜேனுக்குக் கேட்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பெர்த்தா தானே வீட்டுக்குத் தீ வைத்துக் கூரையிலிருந்து குதித்துச் செத்துப்போகிறாள். காதலர் வழியிலிருந்த தடை விலகிவிடுகிறது. கட்டளை மறக்காத அந்த மூன்றாவது ஆளை, நாவலாசிரியை மறந்துவிட்டார். 1966-ல் ஜீன் ரைஸ் என்னும் மேற்கிந்தியத் தீவுப் பெண்மணி, பெர்த்தாவின் கதையை அவள் பக்கத்திலிருந்து ஒரு நாவலாகவே எழுத வேண்டியிருந்தது.

நண்பரிடம் இதையெல்லாம் சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தபோது, என் பழைய தொடர்கதை ஒன்று நினைவுக்கு வந்தது. அதில் கதாநாயகனுக்கு நோயாளி மனைவி ஒருத்தி உண்டு. பாதிக் கதையில் அவளைக் காய்ச்சலில் சாகவிட்டு, மற்ற இருவருக்கும் கல்யாணம் செய்துவைத்தேன். சந்தோஷப்பட்டு எழுதிய வாசகர்களின் கடிதங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. நண்பர் மட்டும் அந்தக் கதையைப் பற்றி ஒன்றுமே சொன்னதில்லை. பீரோவிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். அந்த மனைவிக்கு நான் பெயர்கூட வைத்திருக்கவில்லை.