கலைவாணரின் சிரிப்பு

ஏழையின் பசியையும் உடற்குறையையும் காட்டிச் சிரிக்கவைத்தல் எளிது. 1908இல் நாகர்கோவிலிற் பிறந்து, நாடகமேடையிற் பயின்று, 1936இல் 'சதிலீலாவதி'யில் நடித்த என். எஸ். கிருஷ்ணன் அவ்வெளிய வழியிற் பெரிதும் நாட்டங்கொள்ளவில்லை. அவருடைய நகை மூடநம்பிக்கையைச் சாடிற்று.

'நல்லதம்பி'யில் (1949) அவர் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபம் இதற்குத் தக்க சான்று. நந்தன் கோயிலை நாடினான். கிந்தனோ கல்வியை நாடுகிறான். பக்தியைப் பரப்பிய அதே கலைவடிவம் இங்கே தாழ்த்தப்பட்டவனின் உரிமையைப் பேசுகிறது.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் இயலாது. 'நல்லதம்பி' போன்ற சில படங்கள் நீங்கலாக, அவருடைய நகைச்சுவைப் பகுதிகள் பெரும்பாலும் மூலக்கதையினின்று தனித்தே நின்றன. கிளைக்கதையிற் பகுத்தறிவு பேசிற்று. மூலக்கதையில் மன்னனும் விதியுமே ஆட்சி செய்தனர். சிரித்த ரசிகன் பழைய உலகுக்கே திரும்பினான்.

1957இல் கலைவாணர் மறைந்தார். பின்வந்தோர் பலர் அவரது சிரிப்பை ஏற்றனர், சிந்தனையைக் கைவிட்டனர். அச்சிந்தனையை மூலக்கதைக்குள் கொண்டுசெல்வதே அவர் எஞ்சவிட்ட பணி.