சொல்லுக்கு ஒரு சென்ட்

விஞ்ஞானக் கதைகளை விரும்பிப் படிக்கும் மாணவர்கள் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. கதையில் வரும் விஞ்ஞானம் உண்மைதானா? நாமும் இப்படி எழுதிப் பிழைக்க முடியுமா? இரண்டுக்கும் விடை தேட ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ கதைகளைவிடப் பொருத்தமானவை குறைவு.

இக்கதைகள் 1942 முதல் 1950 வரை ‘அஸ்டவுண்டிங்’ என்ற அமெரிக்க மாத இதழில் தனித்தனியே வெளிவந்து, 1951 முதல் நூல்களாயின. பால்வீதி எங்கும் பரவிய பேரரசு ஒன்று சரியப்போகிறது. இதை முன்கூட்டியே கணக்கிட்டுவிட்ட ஹாரி செல்டன் என்ற கணித அறிஞர், அதன்பின் வரும் 30,000 ஆண்டு இருண்ட காலத்தை 1,000 ஆண்டுகளாகக் குறைக்கத் திட்டம் தீட்டுகிறார். இதுதான் கரு.

வருங்காலத்தைக் கணக்கிட முடியுமா? வேதியியல் பயின்ற அசிமோவ், வாயுக்களின் இயக்கக் கொள்கையைத் துணைக்கு அழைக்கிறார். குடுவையிலுள்ள ஒரு மூலக்கூறு அடுத்த நொடி எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கோடானுகோடி மூலக்கூறுகள் சேர்ந்து தரும் அழுத்தத்தைத் துல்லியமாகச் சொல்லலாம். மனிதக் கூட்டமும் அப்படியே என்கிறது கதை.

நாமும் ஒரு கணக்குப் போடுவோம். பேரரசின் மக்கள்தொகை ஏறத்தாழ 1-க்குப் பின் 18 சுழிகள். திட்ட வெப்ப அழுத்த நிலையில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் அதைப்போல் சுமார் 27 மடங்கு மூலக்கூறுகள் உண்டு! ஆயினும் சராசரி காண இத்தனை மக்களே போதும். குறை எண்ணிக்கையில் இல்லை. மூலக்கூறு செய்தித்தாள் படிப்பதில்லை. பிறர் சொல் கேட்டு மனம் மாறுவதுமில்லை. மனிதன் மாறுகிறான். அசிமோவ் இதை அறியாதவரல்லர். கணிப்பு மக்களுக்குத் தெரியக்கூடாது என்று நிபந்தனை விதித்தார். 1945-இல் வந்த ‘தி மியூல்’ கதையில் தனி ஒருவனே திட்டத்தைக் கவிழ்த்துவிடுகிறான். தம் கருத்தின் பலவீனத்தையே கதையாக்கிய அந்தப் பகுதிதான் தொடரில் மிகச் சிறந்தது என்பேன்.

இலக்கியமாகப் பார்த்தால் குறைகள் உண்டு. பாத்திரங்கள் அறைகளில் அமர்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். முதல் நூலில் பெண்களைத் தேடித்தான் பார்க்கவேண்டும். செல்டன் திட்டத்தின் விளக்கமும் மீண்டும் மீண்டும் வருகிறது. நூலாகப் படிக்கும் நமக்கு அலுப்புத் தட்டுகிறது. ஆனால் முந்தைய இதழைத் தவறவிட்ட வாசகருக்கு அது தேவைப்பட்டது.

இங்கேதான் இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். 1938-இல் அசிமோவ் முதன்முதலில் விற்ற கதைக்குக் கிடைத்தது 64 டாலர். சொல்லுக்கு ஒரு சென்ட். அப்போது அவர் கல்லூரி மாணவர். முதல் ‘ஃபவுண்டேஷன்’ கதையைச் சிக்கல் அவிழாமலே முடித்தார். அடுத்த கதையையும் ஆசிரியர் வாங்கியே ஆகவேண்டும் என்பது அவர் திட்டம்! பிழைப்புக்காகப் போட்ட இந்த முடிச்சு கதையைக் கெடுத்ததா? இல்லை. ‘எப்படித் தப்புவார்கள்?’ என்று நம்மையும் சிந்திக்க வைப்பது அந்த முடிச்சுதான். தேவை கலைக்கு எப்போதும் பகையல்ல.

எனினும் வருமானத்தைப் பாருங்கள். அவர் 1948-இல் டாக்டர் பட்டம் பெற்று, 1949-இல் பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் உயிர் வேதியியல் கற்பிக்கச் சேர்ந்தார். சம்பளத்தைத் துறந்து எழுத்தை மட்டும் நம்பியது 1958-இல். முதல் கதை விற்று இருபது ஆண்டுகள் கழித்து! அதன்பிறகும் பல ஆண்டுகள் அவர் கதைகளைவிட அறிவியல் விளக்க நூல்களையே மிகுதியாக எழுதினார். நம் சுஜாதாவும் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதிக் குவித்தவர்தானே.

எழுத விரும்பும் மாணவ நண்பர்களே! ஆசையைக் கைவிடாதீர்கள், படிப்பையும் கைவிடாதீர்கள். ஆய்வகத்தில் இன்று நீங்கள் கற்கும் வாயு விதி, வயிற்றுக்கு வழி காட்டலாம். ஒரு பேரரசின் கதையாகவும் விரியலாம்.