டென்கோ என்றால் பெரட்டு

'டென்கோ' ஜப்பானியச் சொல். ஆட்களை வரிசையில் நிறுத்தித் தலை எண்ணுவது என்று பொருள். நம் தோட்டப்புறத்தில் இதற்கு முன்பே ஒரு சொல் இருந்தது: பெரட்டு. 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல் தமிழ் வாயில் உருண்டு பெரட்டு ஆனது. விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும், பெயர் கூப்பிட்டால் குரல் கொடுக்க வேண்டும், பிறகுதான் பால்மரக் காட்டுக்குப் போக முடியும். கிராணி பெயர் வாசிப்பார். தண்டல் பக்கத்தில் நிற்பார். சில நாள் துரையே வந்து பார்ப்பார். பிபிசி 1981 முதல் 1984 வரை ஒளிபரப்பிய 'டென்கோ' தொடரில், அந்தத் துரைமார் வகையைச் சேர்ந்த வீட்டுப் பெண்கள் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். ஜப்பானியக் காவலாளி முன்னால் குனிந்து வணங்குகிறார்கள். குனிந்தது போதாவிட்டால் அறை விழுகிறது.

மூன்று தொடர், தொடருக்குப் பத்துப் பகுதி, அதன்பின் 1985இல் வந்த 'டென்கோ ரீயூனியன்' என்ற நீண்ட சிறப்புப் பகுதி. எல்லாவற்றையும் டிவிடியில் பார்த்து முடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. பல்கலைக்கழக விடுதியில் இருந்த காலத்தில் முதல் தொடரின் பாதியோடு நிறுத்தியிருந்தேன். இந்த முறை கடைசி வரை. "வெள்ளக்காரி அழுவறத முப்பது மணி நேரம் பாக்கறியா? உனக்கு வேற வேலயே இல்லயா?" என்று கேட்டான் என் அறைத்தோழன். கேள்வி நியாயமானதுதான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

தொடர் உருவான கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டிஷ் ராணுவத் தாதியான மார்கட் டர்னர் 1942இல் சிங்கப்பூரிலிருந்து தப்பிப் போன கப்பல் மூழ்கி, கடலில் மிதந்து, பிடிபட்டு, சுமாத்ராவில் மூன்றரை ஆண்டு கைதியாக இருந்தவர். 1978இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் 'திஸ் இஸ் யுவர் லைஃப்' நிகழ்ச்சி அவரைப் பற்றி வந்தபோது, அதற்கான ஆய்வு வேலையைச் செய்தவர் லவினியா வார்னர். இப்படி ஒரு பெண்கள் கூட்டம் இருந்ததே வெளியில் பலருக்குத் தெரியாது என்பது அவரைத் தொந்தரவு செய்திருக்கிறது. அந்தத் தொந்தரவிலிருந்துதான் 'டென்கோ' பிறந்தது. பெரும்பாலான பகுதிகளை ஜில் ஹையம், ஆன் வேலரி என்ற இரண்டு பெண்கள் எழுதினார்கள். போர்க்கைதி என்றாலே 1957இல் வந்த 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' படத்தில் விசிலடித்துக்கொண்டு நடந்து வரும் ஆண்கள்தான் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது.

கதை சிங்கப்பூரில் தொடங்குகிறது. கிளப், விருந்து, மது, ஜப்பான்காரன் இங்கே வரவே மாட்டான் என்ற தெனாவெட்டு. இந்தப் பகுதி மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு கப்பல், தாக்குதல், கடல், முகாம். கர்னல் ஒருவரின் மனைவியான மேரியன் ஜெஃபர்சன் (ஆன் பெல்) விருப்பமில்லாமலே பிரிட்டிஷ் பெண்களின் தலைவியாகிறாள். டாக்டர் பியட்ரிஸ் மேசன் (ஸ்டெஃபனி கோல்) மருந்தே இல்லாமல் மருத்துவம் பார்க்கிறார். டச்சுக்காரிகள் தனி அணி, அவர்களுக்குத் தலைவி சிஸ்டர் உல்ரிக்கா என்ற கன்னியாஸ்திரி. பசி வந்தால் வெள்ளைக்காரர்களும் தேசம் தேசமாகப் பிரிந்து சண்டை போடுவார்கள் என்பதை ஒரு வாளித் தண்ணீரை வைத்தே காட்டிவிடுகிறார்கள்.

இந்தத் தொடரின் பலம் எதில் இருக்கிறது என்று கேட்டால் நான் டொரத்தியைச் சொல்வேன். வெரோனிகா ராபர்ட்ஸ் நடித்த பாத்திரம். முதலில் அவள் கைக்குழந்தையோடு இருக்கும் சாதாரண, கொஞ்சம் பயந்த, கீழ்நடுத்தர வர்க்கத்துப் பெண். கணவன் போய்விடுகிறான். முகாமில் குழந்தையும் போய்விடுகிறது. அதன்பின் அவள் காவலாளிகளோடு படுத்து, சிகரெட்டும் சாப்பாடும் வாங்குகிறாள். மற்ற பெண்கள் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் அவள் கொண்டுவரும் பொருளுக்கு அவர்களிடமும் தேவை இருக்கிறது. நம் சினிமாவாக இருந்தால் அவளைத் தியாகியாக்கியிருப்போம், இல்லாவிட்டால் கொன்றிருப்போம். இங்கே இரண்டும் நடக்கவில்லை. அவள் கடைசி வரை வருகிறாள், கொஞ்சம் கறாராக, கொஞ்சம் நகைச்சுவையோடு, யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல். எழுதியவர்கள் அவளை நியாயப்படுத்தவே முயலவில்லை. கணக்கை மட்டும் காட்டுகிறார்கள்: இவ்வளவு பசி, இவ்வளவு விலை. 1981இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் இதைச் செய்திருக்கிறது.

நடிகைகளின் முகத்தையும் சொல்லியாக வேண்டும். ஒப்பனை அழகு கிடையாது. அழுக்கு, வியர்வை, பகுதிக்குப் பகுதி கந்தலாகிக்கொண்டே போகும் துணி. முதல் பகுதியில் முத்து மாலை போட்டிருந்த அதே கழுத்து பத்தாவது பகுதியில் எப்படி இருக்கிறது என்று தட்டை மாற்றிப்போட்டுப் பார்த்தேன். வாராவாரம் பார்த்தவர்களுக்கு இந்த மாற்றம் கண்ணில் படாமலேயே நடந்திருக்கும். வீட்டில் தொடர்ச்சியாகப் பார்க்கும் நமக்கு முகத்தில் அறைகிற மாதிரி தெரிகிறது.

படத்தின் தரம் பற்றி ஒரு வார்த்தை. வேலைப் புத்தி, விடாது. அந்தக் காலத்து பிபிசி நாடகங்களைப் போல இதிலும் குடிசைக்குள் நடக்கும் காட்சிகள் ஸ்டூடியோவில் வீடியோ நாடாவில் பதிவானவை. 625 கோடு, நொடிக்கு 50 பாதிச் சட்டகம், நான்குக்கு மூன்று திரை. இன்றைய 55 அங்குலத் தொலைக்காட்சியில் போட்டால் விளிம்பெல்லாம் சீப்புப் பல் மாதிரி பிசிறடிக்கும். என் ஆலோசனை, சின்னத் திரையில் பாருங்கள். ஆனால் அந்த வீடியோப் படத்துக்கு ஒரு குணம் உண்டு. ஃபிலிம் தரும் அழகிய மங்கல் அதில் கிடையாது. பக்கத்து அறையில் யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது, காயத்தைக் காட்டினால் காயமாகவே இருக்கிறது. இதே கதையை ஒரு ஹாலிவுட் ஒளிப்பதிவாளர் எடுத்திருந்தால் அஸ்தமன சூரியனைக் காட்டியே கொன்றிருப்பார்.

முகாம் அதிகாரி கேப்டன் யமாவுச்சியாக வருபவர் பர்ட் க்வோக். இங்கிலாந்தில் பிறந்த சீன வம்சாவளியினர். 'பிங்க் பாந்தர்' படங்களில் அலமாரிக்குள்ளிருந்து பாய்ந்து முதலாளியோடு சண்டை போடும் கேட்டோவாகத்தான் அவரை உலகத்துக்குத் தெரியும். சீனரை ஜப்பானியராக நடிக்கவைப்பதில் இருக்கும் அலட்சியம் அந்தக் காலத்துக்கே உரியது. ஜப்பானிய ஆட்சியில் சீனர்களுக்கு நடந்ததை அறிந்த நமக்கு இது இன்னும் உறுத்தும். இருந்தும் சும்மா சொல்லக் கூடாது, மனிதர் அந்தப் பாத்திரத்தைக் கேலிச்சித்திரத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறார். சரணடைந்தவர்களை மதிக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட ஒருவன், தன் எதிரே தலைநிமிர்ந்து நிற்கும் பெண்ணை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் குழம்புவது, மேரியனோடு அவர் பேசும் காட்சிகளில் கண்ணிலேயே தெரிகிறது. இரண்டு பேருமே தங்கள் மேலதிகாரிகளின் மொழியில் பேசப் பழகியவர்கள்.

உண்மையில் நான் இந்தத் தொடரை மதிக்க ஆரம்பித்தது மூன்றாம் தொடரில்தான். போர்க்கதைகள் பொதுவாக விடுதலையோடு முடிந்துவிடும். கொடி ஏறும், அணைத்துக்கொள்வார்கள், பெயர்ப் பட்டியல் ஓடும். 'டென்கோ' விடுதலைக்குப் பிறகும் பல பகுதி ஓடுகிறது. 1945இல் சிங்கப்பூருக்கு, ராஃபிள்ஸ் ஹோட்டலுக்குத் திரும்புகிறார்கள். வெள்ளை விரிப்பு போட்ட மேசை, கத்தி, முள்கரண்டி. மேரியனின் கணவர் கிளிஃபர்ட் நல்லவர். அவர் எதிர்பார்ப்பது பழைய கர்னல் மனைவியை. வந்திருப்பவளோ மூன்றரை ஆண்டு ஒரு முகாமையே நடத்தியவள், பலரின் சாவுக்குச் சாட்சி. அவர்கள் கத்திச் சண்டை போட்டுக்கொள்வதில்லை. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் ஏறாமல், சாப்பாட்டு மேசையிலேயே கல்யாணம் கரைந்துபோகிறது. டாக்டர் பியட்ரிஸ் கதை இன்னும் கொடுமை. ஊட்டமில்லாமல் பார்வை மங்கிவிட்டது. மருந்தே இல்லாத இடத்தில் மருத்துவராக இருந்தவர், மருந்து நிறைந்த ஊரில் மருத்துவராக இருக்க முடியாமல் நிற்கிறார். ஸ்டெஃபனி கோல் அப்போது நாற்பதுகளில் இருந்தார். அந்த உடல்மொழியில் இருக்கும் பிடிவாதத்தைப் பார்த்தால் அறுபது சொல்வீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பெரட்டுக்கு வருகிறேன்.

டிவிடியில் பார்ப்பதன் வசதி, நிறுத்தலாம். முதல் பகுதியின் சிங்கப்பூர்க் காட்சிகளை நான் நிறைய நிறுத்தினேன். முன்னால் பேசிக்கொண்டிருப்பவர்களை விட்டுவிட்டுப் பின்னால் நடமாடுபவர்களைப் பார்த்தேன். தட்டு ஏந்துபவர்கள், நகரக் கூட்டத்தில் கடந்துபோகிறவர்கள். இவர்களுக்கு 15 பெப்ரவரி 1942க்குப் பிறகு என்ன ஆனது? கேமரா கப்பலில் ஏறிப் போய்விடுகிறது. இனவெறியைத் தொடர் அறியாமல் இல்லை. கிறிஸ்டினா கேம்பல் என்ற யூரேசியப் பெண்ணை மற்ற கைதிகள் நடத்தும் விதத்தில் அதை நேராகவே காட்டுகிறார்கள். இரண்டாம் தொடரில் ஜப்பானியர் பக்கம் நிற்கும் மிஸ் ஹாசன் வெள்ளையர் மீது வைத்திருக்கும் வெறுப்புக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் தொடர் அவளுடைய கொடூரத்தோடு திருப்திப்பட்டுவிடுகிறது, காரணத்தைத் தோண்டவில்லை. உள்ளூர்க்காரர் ஒருவருக்குக் கோபம் வந்தால் அது வில்லத்தனம், வெள்ளைக்காரிக்குக் கோபம் வந்தால் அது துணிச்சல். இந்த இடம்தான் தொடரின் சறுக்கல். பாத்திரங்கள் அரைகுறையாக இருந்தால் ஒரு எழுத்தாளன் சும்மா விடுவானா? டொரத்திக்குக் கொடுத்த கவனத்தில் கால்வாசியை மிஸ் ஹாசனுக்குக் கொடுத்திருந்தால் இது வேறு தரத்துக்குப் போயிருக்கும்.

அதே 1942, 1943இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் சயாமுக்கு ரயிலேற்றினார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம், ஏறத்தாழ 60,000 நேசநாட்டுக் கைதிகள், அவர்களில் 12,000 பேருக்கு மேல் சாவு. ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் என்பார்கள், அதற்கு மேலும் என்பார்கள். செத்தவர்களின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். கைதிகளுக்குப் படைப்பிரிவு இருந்தது, எண் இருந்தது, பெயரெழுதி வைக்க அதிகாரி இருந்தார். தோட்டத்தில் தினமும் பெயர் கூப்பிட்டு எண்ணப்பட்டவர்களைச் சயாமில் யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. நான் வேலை செய்யும் ஆலையில் தீப்பயிற்சி நடந்தால் நிரந்தரத் தொழிலாளர்கள் பெயர்ப் பட்டியலோடு ஒரு பக்கம் நிற்போம். குத்தகை ஆட்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான், 'இருபத்தி மூணு பேர்' என்று கத்துவார்கள். இந்த ஞாபகம் வந்ததும் தொடரை நிறுத்திவிட்டேன்.

அறைத்தோழன் இந்த இடத்தில் மடக்கினான். "அவங்க கதய அவங்க எடுத்தாங்க. நம்ம கதய நாமதானே எடுக்கணும்? ஏன் அவங்க மேல பாயற?" சரிதான். நான் பாயவில்லை. நம்மிடம் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இருக்கிறது, அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' இருக்கிறது. ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கிய தோட்டத்துப் பெண்களின் வரலாறு இருக்கிறது. 1943இல் இதே சிங்கப்பூரில், 'டென்கோ' பெண்கள் விட்டுப்போன ஊரில், அவர்கள் தாங்களாக விரும்பி அணிவகுப்பில் நின்றார்கள். லட்சுமி சுவாமிநாதன், ஜானகி ஆதி நாகப்பன் பெயர்கள் நமக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற பால்மரம் வெட்டும் பெண்ணின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

என் ஆதங்கம் வேறு. நம் எழுத்து சயாமுக்குப் போகிறது, சாவைச் சொல்கிறது, மீண்டும் மீண்டும் சொல்கிறது. சொல்ல வேண்டியதுதான். ஆனால் நான் தேடுவது மூன்றாம் தொடரை. புருஷன் சயாமுக்குப் போன பிறகு லயத்தில் தங்கிவிட்டவள் மூன்று ஆண்டு எப்படிப் பிள்ளைகளை வளர்த்தாள்? மரவள்ளிக்கிழங்குக்கு எதைக் கொடுத்தாள்? யாரிடம் கொடுத்தாள்? திரும்பி வரமாட்டான் என்று இன்னொருவனோடு சேர்ந்து வாழத் தொடங்கிய பிறகு, அவன் எலும்பும் தோலுமாக வாசலில் வந்து நின்றால்? வந்தவன் மறுநாள் காலை எந்தத் துரையின் பெரட்டுக்குப் போய் நின்றான்? தோட்டப்புறத்துக் குடும்பங்களில் இதெல்லாம் அரைவாக்கியமாக இருக்கும், பெரியவர்கள் ஆரம்பித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். அந்த அரைவாக்கியத்தில் ஒரு டொரத்தி இருக்கிறாள். அவளைத் தியாகியாக்காமலும் கொல்லாமலும் எழுதுகிற துணிச்சல் நம்மில் யாருக்கு இருக்கிறது என்று பார்க்க ஆசை.

கடைசித் தட்டில் இருக்கும் 'ரீயூனியன்' 1950இல் நடக்கிறது, அவசரகாலம். பழைய கைதிகள் மறுபடி கூடுகிறார்கள், கதை மலாயாவின் ரப்பர்த் தோட்டத்துக்கே வந்துவிடுகிறது. துரை பங்களா, வராந்தா, வெளியே பயங்கரவாதிகள் பற்றிய பயம். ஒருவழியாக நம் ஊருக்கு வந்துவிட்டார்களே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டு முறை பார்த்தும், அந்த மரங்களில் பால் எடுக்கும் ஒருவருடைய பெயர்கூட என் மனதில் தங்கவில்லை.

அறைத்தோழனிடம் மூன்றாம் தொடரின் தட்டுகளை மட்டும் கொடுத்திருக்கிறேன். நான்காம் பகுதியில் இருக்கிறான். "இந்த டாக்டரம்மாவ ஏன்டா இப்படிப் போட்டு வதைக்கிறாங்க" என்று நேற்று ராத்திரி கதவைத் தட்டிக் கேட்டான்.