விளம்பரமென்னும் அதிசயவணி

அணியிலக்கணம் கற்றோர் அதிசயவணியை அறிவர். ஒரு பொருளின் இயல்பை மிக உயர்த்திக் கூறுவது அது. மலையை வானந்தாங்கும் தூணென்று புலவன் பாடினால் எவரும் ஏமாறுவதில்லை. மிகையென்று அறிந்தே மகிழ்கின்றனர். திறன்பேசிக் கம்பெனிகளின் விளம்பரமும் அதிசயவணியே. ஆயினும் கேட்பவன் அதனை மெய்யென்று நம்பினாலன்றி வியாபாரிக்குப் பயனில்லை. புலவனின் மிகைக்கு நாம் தவணை கட்டுவதில்லை. வியாபாரியின் மிகைக்கு மாதந்தோறும் கட்டுகிறோம். ஆகவே இவ்விலக்கியத்தையும் சொல்லாராய்ச்சிக்கு உட்படுத்துதல் தகும்.

முதலாவது, எண் மோகம். 2020-இல் சாம்சுங் கம்பெனி தன் கேலக்சி எஸ்20 அல்ட்ராவில் 108 மெகாபிக்சல் படக்கருவி உண்டென்று பறைசாற்றியது. எண் பொய்யன்று. எனினும் வழக்கமான முறையில் ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து அது தருவது 12 மெகாபிக்சல் படமே. மங்கிய ஒளியில் படம் தெளிவதற்கு அது நல்ல உபாயந்தான். ஆனால் வாங்குவோன் கண்ணில் படுவது 108 என்னும் எண். படத்தின் நயமோ கண்ணாடிவில்லையையும், ஒளி வாங்கும் தகட்டின் அளவையும், மென்பொருளையும் பொறுத்தது. மூட்டையை எண்ணி அரிசியின் தரம் காண்பாருண்டோ?

இரண்டாவது, பாதி சொல்லிப் பாதி மறைத்தல். நீச்சற்குளத்திலும் கடலிலும் பயன்படுத்தத் தக்கவையென்று தோன்றுமாறு தன் கைப்பேசிகளை விளம்பரப்படுத்தியதற்காக, 2022-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சுங்கின் அந்நாட்டுக் கிளைக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஈரம் உலருமுன் மின்னேற்றினால் துளையில் அரிப்பு உண்டாகலாமென்ற செய்தி அவ்விளம்பரங்களில் இடம் பெறவில்லை. ஆப்பிள் கம்பெனியோ, மின்கலம் தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தன் மென்பொருளே குறைத்ததென்று 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அதனை வாங்கினோர்க்கு அறிவியாமைக்காக 2020-இல் பிரான்சு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

மூன்றாவதே நம்மனோரை மிகுதியும் வருத்துவது. அது திருத்தத் தாமதம். ஆண்ட்ராய்டு மென்பொருளைக் கூகுள் இயற்றுகிறது. சில்லு செய்வோர் அதனைத் தம் சில்லுக்கு இசைவிக்கின்றனர். பின்னர்க் கைப்பேசிக் கம்பெனி தன் அலங்காரங்களைப் பூட்டிச் சோதிக்கிறது. கை மாறுந்தோறும் மாதங்கள் கழிகின்றன. இதனைச் சுருக்கவே 2017-இல் கூகுள் ட்ரெபிள் என்னும் ஏற்பாட்டைச் செய்தது. 2023-இல் அதே கூகுளும், 2024-இல் சாம்சுங்கும், தம் உயர்ந்த கைப்பேசிகளுக்கு ஏழாண்டுத் திருத்தம் வாக்களித்தன. நன்று. ஆனால் மலிவான கைப்பேசிகளுள் பலவற்றிற்கு அவ்வளவு நீண்ட வாக்கு இல்லை.

கோல சிலாங்கூர் வட்டாரத்திலும் புக்கிட் பெலிம்பிங் போன்ற தோட்டங்களிலும் மலிவானவற்றை வாங்குவோரே மிகுதி. அவர்தம் வங்கிக் கணக்கும், பிள்ளைகளின் பாடமும், ஊரிலுள்ள உறவினர்க்கு அனுப்பும் பணமும் அந்த ஒரு கருவிக்குள்ளேயே அடங்கியுள்ளன. காப்புத் திருத்தம் நின்ற கைப்பேசி, கூரை பழுது பார்க்கப்படாத லயம் போன்றது. மழை வரும்வரை குறை தெரியாது. இழக்கச் சிறிதே உள்ளவனுக்குக் காவலும் சிறிதே போதுமென்பது எந்த நாட்டு நீதி?

மாதிரிகள் பலவாதலின் தாமதம் தவிர்க்க முடியாததென்று கம்பெனிகள் கூறலாம். பேணவியலாத அத்தனை மாதிரிகளை ஈன்றவர் யார்? பிள்ளைகளைப் பெற்றுவிட்டுப் பேணும் பொறுப்பைத் தெருவில் விடுவது நியாயமாகாது.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், காப்புத் திருத்தம் குறைந்தது எத்துணைக் காலம் கிடைக்குமென்பதைத் தயாரிப்போர் வெளிப்படுத்த வேண்டுமென்று சட்டம் உளது. நம் நாட்டிலும் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மயக்கும் விளம்பரத்தைத் தடுக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றமும் இருக்கிறது. அவற்றோடு இவ்விதியும் சேர்தல் வேண்டும்.

அதுவரை, தோழர்களே, கடைக்குச் சென்றால் "எத்தனை மெகாபிக்சல்?" என்று கேளாதீர்கள். "எந்த ஆண்டுவரை காப்புத் திருத்தம்? அதை ரசீதில் எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். எழுத மறுக்கும் வாக்கு வெறும் அணியேயன்றிப் பொருளன்று.